ரோமானியப் படைவீரர் சிற்றுருவங்கள்: 54 மி.மீ., 1/72, 28 மி.மீ. ஆகியவற்றில் எதைச் சேகரிப்பது?

கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய லெஜியன் என்ற பெரும்படையின் ஒரு செஞ்சுரியை, அதாவது 80 வீரர்கள் கொண்ட பிரிவை, அதன் தலைவரான செஞ்சுரியனும் கொடியேந்தியும் உட்பட முழுமையாக அணிவகுத்து நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தபோது, தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் இருந்தன. வண்ணம் தீட்டியே விற்கப்படும், 54 மி.மீ. உயரமுள்ள உலோக உருவங்கள் ஒன்று. ஹேட், இட்டாலெரி, ஸ்வெஸ்தா போன்ற நிறுவனங்கள் வெளியிடும், உண்மை அளவில் 72-இல் ஒரு பங்கான 1/72 மென்பிளாஸ்டிக் உருவங்கள் இரண்டாவது. விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் கேம்ஸ் போன்றவை தரும், தலை, கை, கேடயம் எனத் தனித்தனித் துண்டுகளாக வந்து நாமே ஒட்டிக்கொள்ளும் 28 மி.மீ. கெட்டிப் பிளாஸ்டிக் உருவங்கள் மூன்றாவது. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன் என்பதால், இந்த அலசலில் அதற்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை, இடம், நேரம் ஆகியவை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 54 மி.மீ. உருவத்துக்கு ஒவ்வொன்றாகப் பணம் கொடுக்க வேண்டும், 1/72 பெட்டி மிக மலிவு, 28 மி.மீ. இரண்டுக்கும் நடுவில். எண்பது பேரை 54 மி.மீ. அளவில் நிறுத்த ஒரு தனி அலமாரியே வேண்டும். 1/72 அளவில் ஒரு புத்தகத் தட்டு போதும். வண்ணம் தீட்ட நேரமோ விருப்பமோ இல்லாதவருக்கு முதல் வழியைத் தவிர வேறு வழி இல்லை.

54 மி.மீ. என்பது பொம்மைப் படைவீரர்களின் மரபான அளவு. 1893-இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கொண்டுவந்த பிரிட்டனின் டபிள்யூ. பிரிட்டன் நிறுவனம் இந்த அளவை உலகெங்கும் நிலைநாட்டியது. தனி ஒருவரின் உருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. எடுத்துக்காட்டாக, கி.பி. 9-இல் ஜெர்மனியில் தோற்றழிந்த ரோமானியத் தளபதி வாருஸின் படையோடு மடிந்த பதினெட்டாம் லெஜியனின் செஞ்சுரியன் மார்க்குஸ் காயெலியுஸின் நினைவுக்கல் இப்போது ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலையில் ஓக் இலை மகுடம், தோள்களில் விருதாகப் பெற்ற கழுத்து வளையங்கள், மார்பில் வட்டப் பதக்கங்கள், கையில் திராட்சைக் கொடிக் கோல் எனக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும் இவை அனைத்தையும் 54 மி.மீ. உருவம் ஒன்றில் ஒவ்வொன்றாக அடையாளம் காட்ட முடியும். 28 மி.மீ. உருவத்தில் அந்தப் பதக்கங்கள் வெறும் புள்ளிகளாகிவிடுகின்றன. 54 மி.மீ. அளவில் நான் கையாண்ட உருவங்கள் குறைவு. மறுவிற்பனை விலை பற்றிச் சந்தையில் மற்றவர்கள் சொல்வதைத்தான் அறிவேன், நானாக எதையும் விற்றதில்லை. ஆகவே முதலீடாக நினைத்து வாங்குபவர்கள் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நான் தேடியது ஒரு செஞ்சுரியனை அல்ல, ஒரு செஞ்சுரியை. அதிலும் வரலாற்றுக்கு ஒத்த செஞ்சுரியை. அந்த இடத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்விதான்: உருவத்தில் இருக்கும் பிழையைப் பின்னால் திருத்த முடியுமா?

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு எடை என்றால், ரோமானிய வீரனின் தோற்றம் பற்றிய அறிவு முடிந்துபோன ஒன்று அல்ல. நாம் அனைவரும் 'ரோமானியக் கவசம்' என்றவுடன் நினைக்கும் பட்டைத் தகட்டுக் கவசத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் வடபகுதியில், ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள கார்பிரிட்ஜில் 1964-இல் ஒரு பெட்டி நிறையக் கவசத் தகடுகள் கிடைக்கும் வரை, அந்தக் கவசம் எப்படிக் கோக்கப்பட்டது என்பதே தெளிவாக இல்லை. லண்டன் டவர் ஆயுதச்சாலையைச் சேர்ந்த எச். ரஸ்ஸல் ராபின்சன் அந்தத் தகடுகளை ஆராய்ந்து, உட்புறத் தோல்வார்களால் இணைக்கப்பட்ட கவசமாக மீட்டுருவாக்கிக் காட்டினார். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான உருவங்களின் கவசம் அந்த மீட்டுருவாக்கத்தின் வழி வந்ததே. பின்னர் 2018-இல், வாருஸின் தோல்வியோடு இணைத்துப் பேசப்படும் கால்க்ரீஸ் களத்தில், கார்பிரிட்ஜ் வகைக்கு முந்தைய தகட்டுக் கவசம் ஒன்று ஏறக்குறைய முழுமையாகவே மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதுவரை துண்டுகளை வைத்து ஊகித்திருந்த முந்தைய வகையைப் பற்றி இப்போது மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆக, ஒருமுறை வார்த்து, ஒருமுறை வண்ணம் தீட்டி மூடிய உருவம், அதைச் செதுக்கிய ஆண்டின் அறிவோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கவசத்தில் சேகரிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஜூலியஸ் சீசரின் வீரர்களுக்குத் தகட்டுக் கவசம் அணிவிப்பது காலத்துக்கு ஒவ்வாதது. அதன் மிகப் பழைய சான்றுகள் சீசர் இறந்து ஒரு தலைமுறைக்கும் மேலான பின், அகஸ்டஸ் காலத்து ஜெர்மானிய எல்லைப் பாசறைகளில்தான் தொடங்குகின்றன. சீசரின் படைக்கு இரும்பு வளையங்களைப் பின்னிய கவசமும் நீள்வட்டக் கேடயமுமே சரி. எனவே பெட்டி வாங்குவதற்கு முன் ஆண்டைத் தீர்மானித்துவிட வேண்டும். கி.பி. 9 என்றால் வளையக் கவசமும் பழைய வகைத் தகட்டுக் கவசமும் கலந்திருக்கலாம். வாள், இடை குறுகி நுனி நீண்ட மைன்ஸ் வகையாக இருக்க வேண்டும். இன்றைய ருமேனியப் பகுதியில் வாழ்ந்த டேசியர்களோடு பேரரசர் டிராஜன் நடத்திய, கி.பி. 101 முதல் 106 வரையிலான டேசியப் போர்கள் என்றால், இரு ஓரமும் நேராக ஓடும் பாம்பெய் வகை வாள். தலைக்கவசத்தின் உச்சியில் குறுக்காக ஓடும் இரும்புப் பட்டைகள் அக்காலத்தை ஒட்டித்தான் தோன்றுகின்றன. முன்பே செய்த தலைக்கவசத்தின் மேல் பிறகு பொருத்தியது தெரியும்படியான சான்றுகளும் உள்ளன.

1/72 உருவங்கள் இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. அவற்றின் செதுக்கலைக் குறை சொல்ல மாட்டேன்; அண்மைக்காலத் தொகுப்புகள் சிலவற்றில் இடைக்கச்சையிலிருந்து தொங்கும் குமிழ் பதித்த தோல்வார்கள்கூடத் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஆனால் உடலும் தலையும் ஒரே வார்ப்பு. பல தொகுப்புகளில் கேடயத்தின் சித்திரமும் மேடாக வார்க்கப்பட்டிருக்கிறது. அதைச் சுரண்டினால் மென்பிளாஸ்டிக் சீவலாக எழுந்து, பஞ்சு போல் நிற்கிறதே தவிர வழவழப்பாவதில்லை. எறியீட்டி வளையும்; வெந்நீரில் முக்கி நேராக்கிக் குளிர்ந்த நீரில் இறுக்கினாலும் நாளடைவில் மறுபடி தொய்கிறது. சோப்பு நீரில் கழுவி, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் தீட்டினால்தான் வண்ணம் நிற்கும். அப்போதும் வளையும் இடங்களில் உரியும். முழு லெஜியனையும் ஒரே மேசையில் காட்ட நினைப்பவருக்கு இது சரியான அளவு. ஒவ்வொரு வீரனையும் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அல்ல.

28 மி.மீ. கெட்டிப் பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன். கத்தியால் வெட்டலாம், அரத்தால் ராவலாம், பிளாஸ்டிக் சிமென்ட் தடவினால் இரு துண்டுகளும் கரைந்து ஒன்றாகிவிடும். ஒரு பெட்டியின் தலையை இன்னொரு பெட்டியின் உடலில் வைக்கலாம். இந்த வசதியின் பயன் முழுமையாகத் தெரிவது ருமேனியாவின் ஆடாம்கிளிசி நினைவுச்சின்னத்துக்கு ஏற்ற வீரர்களைச் செய்யும்போதுதான். ரோமில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் லெஜியன் வீரர்கள் எல்லாரும் தகட்டுக் கவசத்தில் ஒரே அச்சாக நிற்கிறார்கள். அதே போர்களை நினைவுகூர்ந்து கி.பி. 109-இல் ஆடாம்கிளிசியில் அமைக்கப்பட்ட சின்னத்தின் பலகைகளில், வீரர்கள் வளையக் கவசத்திலும் செதில் கவசத்திலும், வலக்கை முழுவதும் பட்டைக் காப்புடனும், கணுக்கால் முதல் முழங்கால் வரை காலுறைக் கவசத்துடனும் தெரிகிறார்கள். டேசியர்களின் வளைந்த நீள்கத்தியைத் தடுக்க வந்த மாற்றங்கள் இவை என்று பலரும் கருதுகின்றனர். தூண் தலைநகரில் வெற்றியைக் கொண்டாடச் செதுக்கியது. ஆடாம்கிளிசியின் சிற்பிகள் படை நின்ற மண்ணிலேயே வேலை செய்தவர்கள். எதை அதிகம் நம்பலாம் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்தக் கைக்காப்பைச் செய்வது கடினமல்ல. துணைப்படைத் தொகுப்பிலிருந்து வளையக் கவச உடல் ஒன்றை எடுத்து, வாளேந்திய வலக்கையை ஒட்டுவதற்கு முன்பே, மெல்லிய தாளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் கீற்றுகளாக வெட்டி, மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி சுற்ற வேண்டும். ஒவ்வொரு கீற்றையும் நீர்த்த பசையால் நனைத்து ஊசிமுனையால் அழுத்தினால் படிந்துவிடும். காய்ந்தபின் கறுப்பு பிரைமரும் மேலே உலோக வண்ணத்தின் உலர்தூரிகைத் தேய்ப்பும் பட்டவுடன் ஒவ்வொரு பட்டையும் தனித்து எழுந்து நிற்கிறது. இதை 1/72 உருவத்தில் செய்ய முடியாது. வண்ணம் தீட்டிய 54 மி.மீ. உருவத்தில் செய்ய மனம் வராது.

இவை எல்லாவற்றையும்விடக் கேடயம் முக்கியம். சிற்றுருவத்தில் கண் முதலில் விழுவதும், பிழை அதிகம் ஒளிந்திருப்பதும் கேடயத்தில்தான். நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கும் ஒரே வளைந்த செவ்வகக் கேடயம் சிரியாவின் டூரா யூரோபோஸில் தோண்டி எடுக்கப்பட்ட மூன்றாம் நூற்றாண்டுக் கேடயம். மெல்லிய மரப்பட்டைகளை மூன்று அடுக்காக ஒட்டிச் செய்தது. உயரம் ஏறத்தாழ 1.05 மீட்டர். முதல் நூற்றாண்டுக் கேடயமும் ஏறக்குறைய அந்த உயரமே என்று கொண்டால், 1.70 மீட்டர் உயரமுள்ள வீரனில் ஐந்தில் மூன்று பங்கு. கேடயத்தைத் தரையில் ஊன்றினால் இடைக்கச்சைக்கு மேலே வர வேண்டும். ஓர் அளவுகோலை எடுத்து அலமாரியில் உள்ள உருவங்களை அளந்து பாருங்கள். பல உருவங்களின் கேடயம் இந்த அளவை எட்டாது. டிராஜன் தூணின் சிற்பிகள் வீரர்களின் உடல் மறையாதிருக்கக் கேடயங்களைச் சுருக்கிச் செதுக்கினர். தூணைப் பார்த்து உருவம் செய்தவர்கள் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர். கேடயம் தனித்துண்டாக இருந்தால், அதைக் கழற்றிவிட்டு வேறு பெட்டியின் பெரிய கேடயத்தைப் பொருத்தலாம். உடலோடு சேர்ந்த வார்ப்பானால் அந்தப் பிழையோடுதான் வாழ வேண்டும்.

சித்திரம் அதைவிடச் சிக்கலானது. கேடயச் சித்திரம் படைப்பிரிவின் அடையாளமாக இருந்ததற்குச் சான்று உண்டு. கி.பி. 69-இல் இத்தாலியின் கிரெமோனாவில் ரோமானியரே ரோமானியரோடு மோதிய இரவில், இரண்டு வீரர்கள் வீழ்ந்து கிடந்த எதிரிகளின் கேடயங்களை எடுத்துக்கொண்டு, அடையாளம் தெரியாமல் எதிரணிக்குள் புகுந்து, பெரிய கல்லெறி பொறியின் கயிறுகளை அறுத்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆனால் எந்த லெஜியனுக்கு எந்தச் சித்திரம் என்று சொல்லும் முதல் நூற்றாண்டுப் பட்டியல் ஒன்றும் நம்மிடம் இல்லை. சிவப்புப் பரப்பில் மஞ்சள் இறக்கையும் மின்னலும் தூணிலிருந்து வந்த வடிவம். நிறம் நம் ஊகம். அலுவலர் பதவிகளையும் படைப்பிரிவுகளையும் பட்டியலிடும் பிற்காலத் தொகுப்பான நோட்டீசியா டிக்னிடாட்டும் காட்டும் கேடய வண்ணங்கள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்கானவை. அவற்றை டிராஜனின் வீரர்கள்மேல் ஏற்றக் கூடாது. இப்படி ஊகம் மிகுந்த இடத்தில், வழவழப்பான வெற்றுக் கேடயமும் அதன்மேல் ஒட்டும் டெக்கால் என்ற ஒட்டுப்படமும் இருப்பதுதான் நேர்மையான ஏற்பாடு. நாளை புதிய கண்டெடுப்பு வந்தால் எண்பது கேடயங்களை மட்டும் மாற்றினால் போதும். இதற்காகவே நான் கேடயங்களைக் கையோடு நிரந்தரமாக ஒட்டாமல், மிகச் சிறிய காந்தத் துண்டுகளால் நிறுத்தியிருக்கிறேன்.

28 மி.மீ. அளவுக்கும் குறைகள் உண்டு. கைகளும் தலைகளும் விகிதத்தை மீறிச் சற்றுப் பெரியவை. சில தொகுப்புகளில் வாளின் பிடி, அதைப் பற்றிய முன்கை அளவுக்குத் தடித்திருக்கிறது. வளையக் கவசத்தின் வளையம் ஒன்று 7 மி.மீ. குறுக்களவு என்றால், ஏறத்தாழ 1/56 விகிதமான இந்த அளவில் அது 0.125 மி.மீ.க்கு வர வேண்டும். அவ்வளவு நுண்மையை எந்த வார்ப்பும் தராது என்பதால், கவசப் பின்னலைப் பல மடங்கு பெருக்கித்தான் காட்டுகிறார்கள். இது 54 மி.மீ. அளவுக்கும் பெருமளவு பொருந்தும். ஆகவே பின்னலின் பருமனை வைத்து ஒரு தொகுப்பைத் தள்ளிவிட வேண்டாம். கவசம் எங்கே முடிகிறது, தோள் மடிப்பு எப்படிக் கொக்கியிடப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

பராமரிப்பில் சுருக்கமாக ஒன்று. ஈயம் கலந்த பழைய உலோக உருவங்களை ஓக் மர அலமாரியில் அடைத்து வைத்தால், மரத்திலிருந்து கசியும் அமில ஆவியால் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்துச் சிதையும். கண்ணாடியோ உலோகமோ ஆன தட்டுகளே நல்லது. பாலிஸ்டைரீனுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நேர்வெயிலும் சூடும் ஆகாது. என்னிடம் உள்ளவை இன்னும் பழையவை ஆகவில்லை என்பதால், முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து ஒட்டுகள் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து உறுதி கூற முடியாது.

முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் துண்டுகளை நான் தலைக்கவசங்களுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். குறுக்குப் பட்டை வைத்த தலைகள் பிளாஸ்டிக் பெட்டிகளில் போதுமான அளவு கிடைக்காததால் அவை கைகொடுத்தன. செதுக்கலின் கூர்மையில் பிளாஸ்டிக்கை மிஞ்சவும் செய்கின்றன. பாலிஸ்டைரீன் உடலோடு பிளாஸ்டிக் சிமென்ட்டில் அவை பிடிக்காது; உடனே இறுகிவிடும் சூப்பர் க்ளூதான் வேண்டும். அதனால் கழுத்தை ஒட்டும் முன் தலையின் திருப்பத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.