சென்னை–சிங்கப்பூர்: மாறாத தூரமும் மாறும் நேரமும்

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பறந்து வருகிறேன். இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் நேரத்தையும் காட்டும் இணையக் கணிப்பான்களை நம்பியே தொடக்கத்தில் பயணங்களைத் திட்டமிட்டேன். விமானம் தரையை விட்டெழும் நேரத்தையும் மீண்டும் தரையைத் தொடும் நேரத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கியது.

தூரத்தைப் பற்றிக் குறைசொல்ல ஏதுமில்லை. மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை ஏறத்தாழ 2,900 கி.மீ.; அந்தக் குறுக்குக்கோடு வங்காள விரிகுடாவைக் கடந்து, கிரேட் நிக்கோபாரின் தென்முனைக்கு அருகே சென்று, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்குகிறது.

நேரத்தில்தான் சிக்கல். பெரும்பாலான கணிப்பான்கள் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரைமணி போலச் சேர்த்துவிடுகின்றன. ஆகையால் போகவும் வரவும், சித்திரையிலும் ஆவணியிலும், ஒரே விடைதான் கிடைக்கிறது. என் குறிப்பேட்டின்படி வானில் கழிவது மூன்றே முக்கால் மணியை ஒட்டிய நேரம். பயணச்சீட்டில் நான்கு மணிக்கு மேல் காட்டப்படுவதற்குக் காரணம், வாயிலை விட்டு நகர்வது முதல் அடுத்த வாயிலில் நிற்பது வரை அதில் அடங்குவதே.

விமானம் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கு நோக்கித்தான் வீசும், எனவே கிழக்கே போவது விரைவு என்று பலரும் சொல்வார்கள். இந்தத் தடத்தில், குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, நான் கண்டது நேர்மாறானது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் ஆராய்ந்து விளக்கிய வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் (மிக உயரத்தில் ஆறுபோல் விரைந்தோடும் காற்று) அம்மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. அதன் மையம் 14 கி.மீ.க்கும் மேலே இருந்தாலும், 11 கி.மீ. உயரத்தில் செல்லும் விமானமும் அதை உணராமல் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, தென்மேற்குப் பருவத்தில் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால், சென்னையில் விமானம் பெரும்பாலும் மேற்கு நோக்கி எழும்பிப் பிறகே கடல் பக்கம் திரும்புகிறது.

இரண்டரை மணி நேர மண்டல வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். 20:30க்குச் சிங்கப்பூரில் கிளம்பி 22:05க்குச் சென்னையில் இறங்கினால், சீட்டைப் பார்ப்பவருக்கு அது மதுரைப் பயணம் போலத் தோன்றும். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தியது. அதற்கு முன் இந்த வேறுபாடு இரண்டே மணிதான்.

ஆகவே கணிப்பானைத் தூரத்துக்கு மட்டுமே பார்க்கிறேன். தொடர்விமானம் பிடிக்க வேண்டுமானால் சீட்டிலுள்ள நேரத்தையே கணக்கில் கொள்கிறேன். ஆகஸ்டில் கிழக்கே போகும்போது அதற்கு மேலும் அரைமணி ஒதுக்குகிறேன். திரும்பும்போது அதே காற்று உதவுகிறது: சென்ற ஆகஸ்டில் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கித் தொலைபேசியில் அழைத்தபோது, என்னை அழைத்துச் செல்லவேண்டிய தம்பி தாம்பரத்தில் அப்போதுதான் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான்.