சர்வீஸ் அக்கவுண்ட்: சாதாரணமா, ஜிஎம்எஸ்ஏவா?

நாகர்கோவிலில் சர்வர் பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. சர்வீஸ் அக்கவுண்ட் என்றால் சர்வரில் பின்னணியில் ஓடும் மென்பொருள் (சர்வீஸ்) பயன்படுத்தும் கணக்கு. ஜிஎம்எஸ்ஏ (gMSA, குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்) என்பது அதிலேயே பாஸ்வேர்டை ஆள் பார்க்கத் தேவையில்லாத வகை.

செலவு: விண்டோஸ் சர்வர் இருந்தால் இரண்டுக்கும் தனிக்காசு இல்லை.

பாதுகாப்பு: சாதாரண அக்கவுண்டின் பாஸ்வேர்டை மாற்ற யாருக்கும் தைரியம் வராது, எந்த சர்வீஸ் நிற்குமோ என்ற பயம். தக்கலையில் ஓர் அலுவலகத்தில் மானிட்டருக்குப் பின்னால் அதைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். செலோடேப் பழுத்தே போயிருந்தது! ஜிஎம்எஸ்ஏ என்றால் ஆக்டிவ் டைரக்டரியே (அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) வழக்கமாக 30 நாளுக்கொரு முறை பாஸ்வேர்டை மாற்றிவிடும். சீட்டில் எழுத ஒன்றுமில்லை.

வசதி: சாதாரணம் இரண்டு நிமிட வேலை. ஜிஎம்எஸ்ஏவுக்கு சர்வர் 2012 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். முதல்முறை கேடிஎஸ் ரூட் கீ (இந்த பாஸ்வேர்டுகளை உருவாக்க உதவும் மூலச் சாவி) உருவாக்கிவிட்டு 10 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வர் (டேட்டாபேஸ்), ஐஐஎஸ் (வெப் சர்வர்), ஷெட்யூல்டு டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) என்றால் யோசிக்காமல் ஜிஎம்எஸ்ஏ. பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும் பழைய பில்லிங் மென்பொருளா? சரி, சாதாரணமே. ஆனால் நீளமான பாஸ்வேர்டாக வைத்து, பாஸ்வேர்ட் வால்ட்டில் (பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் மென்பொருள்) பூட்டுங்கள்.