கச்சான் தோட்டக் காவலுக்கு எஸ்.ஜி.யா, ஒற்றைக் குண்டா?

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் கச்சான் காய் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கினால் ஒரே இரவில் தோட்டத்தை உழுதுவிடும். அனுமதிப்பத்திரம் உள்ள 12 போர் துவக்குக்கு எந்தத் தோட்டா நல்லது என்பதுதான் கேள்வி. மான், மரை பற்றி இங்கே பேச்சில்லை. அவற்றைச் சுடுவது சட்டப்படி குற்றம்.

எஸ்.ஜி. தோட்டாவில் எட்டரை மில்லிமீற்றர் அளவில் எட்டு, ஒன்பது குண்டுகள் இருக்கும். 20 மீற்றருக்குள் அவை ஏறத்தாழ அரை மீற்றர் வட்டத்தில் சேர்ந்து விழும். ரோச் வெளிச்சத்தில் அவசரமாகக் குறி பார்ப்பவருக்கு இது பெரிய உதவி. 35 மீற்றர் தாண்டினால் ஒன்றிரண்டு குண்டுதான் படும். வயிற்றில் பட்ட பன்றி பற்றைக்குள் ஓடி, நாட்கணக்கில் துடித்துச் சாகும். அதைவிடச் சுடாமலே விடலாம்.

ஒற்றைக் குண்டு சுமார் 28 கிராம். 50 மீற்றரிலும் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு போகும். ஆனால் பழைய துவக்குகளில் குழல் நுனியில் உள்ள சின்ன மணிதான் குறி. இருட்டில் ஒரு சாண் பிசகினாலும் போச்சு. அதோடு வன்னி நிலம் தட்டை. தவறிய குண்டு பல நூறு மீற்றர் போகும், அங்கே அடுத்தவர் காவல் கொட்டிலோ பட்டி மாடோ இருக்கலாம்.

என் தெரிவு எஸ்.ஜி.தான், அதுவும் பரணில் இருந்து கீழ்நோக்கி. தப்பினாலும் மண்ணுக்குள் போகும். ஒற்றைக் குண்டுதான் வேண்டுமென்றால், உங்கள் குழலுக்கு அது பொருந்துமா என்று துவக்குத் திருத்துபவரிடம் முதலில் கேளுங்கள்.