விடுமுறையில் குழந்தையின் சோம்பேறிக் கண்: எதைப் பார்த்து முடிக்கலாம், எது முடியாது

நான்கைந்து வார விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள், பல்லைப் பார்ப்பதுபோலக் குழந்தையின் கண்ணையும் பார்த்து முடித்துவிடலாம் என்று நினைப்பது வழக்கம். சோம்பேறிக் கண், அதாவது சிறுவயதில் தெளிவான படம் கிடைக்காததால் ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் போவது, அப்படி முடியாது. கண்ணாடி மட்டும் போட்டுப் பார்வை எவ்வளவு ஏறுகிறது என்று தெரியவே 12 முதல் 18 வாரம் ஆகும். விடுமுறைக்குள் கிடைக்கக்கூடியது சரியான பவரும், விழித்திரையை முழுதாகப் பார்த்த குறிப்பும்தான். அந்த இரண்டும் ஒழுங்காகக் கிடைத்தால் பயணம் வீணில்லை.

வந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். மருந்து ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு கண்ணாகப் பார்வையை அளப்பார்கள். எழுத்து தெரியாத குழந்தை படத்தையோ வடிவத்தையோ கையிலுள்ள அட்டையில் தொட்டுக் காட்டும். ஒற்றை எழுத்தாகக் காட்டினால் சோம்பேறிக் கண் நன்றாகவே படித்துவிடும். பக்கத்தில் வேறு எழுத்துகள் நெருக்கி நின்றால்தான் தடுமாறும். அதனால் வரிசையாகக் காட்டி அளந்தார்களா, ஒற்றையாகவா என்று சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திரும்பிப் போன இடத்தில் வேறு முறையில் அளக்கும்போது பார்வை இறங்கிவிட்டதுபோலத் தோன்றும். மற்ற கண்ணைக் கையால் மூடினால் குழந்தை விரலிடுக்கு வழியே பார்த்துவிடும். ஒட்டும் பட்டைதான் சரி.

அடுத்தது சொட்டு மருந்து. குழந்தையின் கண் தன் குவியத் தசையை இறுக்கிப் பிளஸ் பவரை (தூரப்பார்வைக் குறையை) மறைத்துவிடும். தசையைத் தளர்த்தாமல் கம்ப்யூட்டரில் எடுத்த பவரை நம்பிக் கண்ணாடி வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சைக்ளோபென்டோலேட் 1% என்றால் 5 நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஊற்றி, முக்கால் மணி நேரம் கழித்து ரெட்டினோஸ்கோப்பால், அதாவது கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை அளக்கும் கருவியால், பார்ப்பார்கள். கருவிழி அடர்ந்த நிறமாக இருந்தால் மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும். மாறுகண் இருந்தாலோ, பிளஸ் பவர் அதிகம் என்ற சந்தேகம் இருந்தாலோ அட்ரோபின் களிம்பைக் கொடுத்து, மூன்று நாள் வீட்டில் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அதன் விளைவு இரண்டு வாரம் வரை நிற்கும். பயணத்தின் கடைசி வாரத்தில் போட்டால், பள்ளி திறக்கும் நாளில் குழந்தைக்குப் புத்தகம் மங்கலாகத் தெரியும், வெயிலில் கண் கூசும். களிம்பு போட்ட நாட்களில் காய்ச்சல், முகம் சிவத்தல், வாய் வறட்சி, காரணமில்லாத பரபரப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த மருந்துகள் கண்ணின் பாவையையும் விரிக்கும்; அந்த விரிந்த பாவை வழியாகத்தான் விழித்திரையைப் பார்க்கிறார்கள். உடலைக் கீறாமல் ரத்த நாளங்களை நேராகக் காணக்கூடிய அரிய இடம் இது. பார்வை நரம்புத் தட்டிலிருந்து நாளங்கள் மேலும் கீழும் வில்லாக வளைந்து போகும். தமனி சற்று மெலிந்து வெளிர் சிவப்பாகவும், சிரை தடித்து அடர் நிறமாகவும் இருக்கும், அகலம் ஏறத்தாழ 2-க்கு 3. கூர்பார்வை விழும் நடுப்புள்ளியில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு நாளமே கிடையாது. சோம்பேறிக் கண்ணில் இவை எல்லாம் இயல்பாகவே தெரியும். "ரத்த ஓட்டம் குறைவு" என்று சொல்லி டானிக் கொடுப்பவர்களிடம் காலத்தை இழக்காதீர்கள். இங்கே குறை மூளையின் பார்வைப் பகுதியில். சிறுவயதில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால் அங்கே அந்தக் கண்ணின் பங்கு சுருங்கிவிடும் என்று பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்துக் காட்டியவர்கள் ஹியூபலும் வீசலும். 1981-இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

அப்படியானால் விழித்திரையை ஏன் பார்க்க வேண்டும்? சோம்பேறிக் கண் என்று பெயர் வைத்த கண்ணுக்குள் வேறு ஏதும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்யத்தான். விழித்திரைப் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமா வெறும் மாறுகண்ணாகவே முதலில் தலைகாட்டக்கூடும். கோட்ஸ் நோயில் நாளங்கள் புடைத்துக் கசியும். பெரும்பாலும் ஆண் குழந்தைக்கு, ஒரு கண்ணில் மட்டும். பார்வை நரம்பு பிறவியிலேயே சிறுத்திருந்தால் தட்டு சின்னதாகவும், சிலருக்கு நாளங்கள் வளைந்து நெளிந்தும் இருக்கும்; அங்கே பேட்ச் (நல்ல கண்ணை மூடும் ஒட்டு) போட்டாலும் பார்வை ஏறுவதற்கு ஓர் எல்லை உண்டு. குறைமாதக் குழந்தை என்றால் பிறந்த வாரமும் எடையும் எழுதிய டிஸ்சார்ஜ் தாளைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். கருவில் 16-ஆம் வாரம் தட்டிலிருந்து கிளம்பும் நாளங்கள் விளிம்பைச் சேர ஏறக்குறைய 40-ஆம் வாரம் ஆகிறது. பாதியில் பிறந்தால் அந்த வளர்ச்சி தடம் மாறலாம். பிற்பாடு வரும் அதிக மைனஸ் பவருக்கும் மாறுகண்ணுக்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும். விழித்திரைப் படம் எடுத்திருந்தால் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். நாள அடர்த்தியை அளக்கும் ஓசிடி ஆஞ்சியோகிராபி வேறு விஷயம். விழியின் நீளம் மாறினால் அந்த எண்ணும் மாறும், சோம்பேறிக் கண்ணின் சிகிச்சை அதை வைத்து முடிவாவதில்லை. மருத்துவருக்குத் தனிக் காரணம் இருந்தாலொழிய அது தேவையில்லை என்பது என் கருத்து.

இனி கண்ணாடிச் சீட்டு. சிலிண்டரை (கண்ணின் ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவரை; அந்தத் திசையைச் சொல்வது ஆக்ஸிஸ்) ஒரு மருத்துவர் பிளஸ்ஸிலும் இன்னொருவர் மைனஸிலும் எழுதுவார்கள். +2.00, சிலிண்டர் +1.00, ஆக்ஸிஸ் 90 என்பதும் +3.00, சிலிண்டர் −1.00, ஆக்ஸிஸ் 180 என்பதும் ஒரே கண்ணாடிதான். இரண்டு பவரையும் கூட்டி, சிலிண்டரின் குறியை மாற்றி, ஆக்ஸிஸை 90 டிகிரி திருப்பினால் சரிபார்த்துவிடலாம். பார்வை அளவும் அப்படியே: 6/12, 20/40, தசம முறையில் 0.5, லாக்மார் என்ற அளவுமுறையில் 0.3 நான்கும் ஒன்றே. தசம முறையில் எண் ஏறினால் நல்லது, லாக்மாரில் இறங்கினால் நல்லது. குழம்பிப் பதறுகிற பெற்றோர் நிறைய. லென்ஸ் பாலிகார்பனேட்டில் இருக்கட்டும், நல்ல கண்ணுக்கு அடிபடவே கூடாது. ஃபிரேம் மூக்கில் சரிந்தால் குழந்தை மேல்விளிம்புக்கு மேலே பார்த்துப் பழகும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கண்ணாடியின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துச் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குப் பிறகும் குறை மிஞ்சினால்தான் பேட்ச். 2003-இல் வந்த அமெரிக்க ஆய்வுகளில், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 6/12 முதல் 6/24 வரையிலான குறைக்குத் தினம் 2 மணி நேரம் மூடுவது 6 மணி நேரத்துக்குச் சமமாகப் பலித்தது. அதைவிடக் கடுமையான குறைக்கு 6 மணி நேரம் முழுநேரத்துக்குச் சமமானது. மூடுவது நல்ல கண்ணை, ஒட்டுவது தோலின்மேல். கண்ணாடிக்குத் துணி உறை போட்டால் பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பார்கள். பசையால் தோல் சிவந்தால் ஒட்டும் கோணத்தைத் தினம் மாற்றலாம். தோல் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் நல்ல கண்ணை மங்கலாக்க அதில் அட்ரோபின் ஊற்றும் வழி இருக்கிறது. வார இறுதியில் மட்டும் ஊற்றினாலும் பலன் கிடைக்கும், ஆனால் அந்தக் கண் மைனஸ் பவராக இருந்தால் அவ்வளவாக உதவாது. பேட்சோ மருந்தோ தொடங்கினால் அடுத்த பரிசோதனைத் தேதியும் கையில் இருக்க வேண்டும். கண்காணிக்காமல் நாள் முழுக்க மூடினால் நல்ல கண்ணே மங்கக்கூடும்.

மாறுகண் அறுவை சிகிச்சையை விடுமுறையில் அவசரப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டாம். அது கண்ணை நேராக்கும், பார்வையை ஏற்றாது. வழக்கமாகப் பார்வையை ஏற்றிய பிறகே செய்வார்கள். ஏழு வயது தாண்டிவிட்டது, இனிப் பயனில்லை என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டாம். பலன் குறையும் என்பது உண்மை, ஆனால் 7 முதல் 12 வயதுக்காரர்களில் பலருக்கு இன்னும் ஏறுகிறது.

திரும்பிப் போனபின் பார்வை சமமாகிவிட்டதென்று 6 மணி நேரப் பேட்சை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். முதலில் 2 மணி நேரமாகக் குறைத்து, பிறகு நிறுத்தினால் பார்வை மீண்டும் இறங்கும் வாய்ப்பு குறைவு. நிறுத்திய பின்னும் ஓராண்டு அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அந்த ஓராண்டுக்குள்தான் இறங்குகிறது.