துண்டு போட்டுப் பிடித்த இணைப்புகள்

பிஎச்பியில் தரவுத்தளத்துக்கான நிலைத்த இணைப்பை (கோரிக்கை முடிந்த பிறகும் மூடாமல் வைத்திருப்பதை) இயக்கிவிட்டு, ‘எங்களிடம் கனெக்‌ஷன் பூல் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூல் என்றால் சில இணைப்புகளை எல்லோரும் பகிர்ந்துகொள்வது. இது பூல் அல்ல. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது. பிஎச்பி-எஃப்பிஎம்மின் வொர்க்கர்கள், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்கள், ஆளுக்கோர் இணைப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தான் சும்மா இருந்தாலும் பக்கத்து வொர்க்கருக்குத் தராது.

இந்தக் கணக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்தான் கடிக்கும். அங்கே ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ். உச்சவரம்பை மாற்றாமல் விட்டால் 100. நான்கு வெப் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 50 வொர்க்கர்கள் என்றால் 200 துண்டுகள். ‘சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தரவுத்தளம் கதவைச் சாத்திவிடும்.

துண்டின் அழுக்கு இன்னொரு தொல்லை. பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பிடிஓவின் நிலைத்த இணைப்பில் ஒரு கோரிக்கை மாற்றிய நேர மண்டலமும், உருவாக்கிய தற்காலிக அட்டவணையும் அதே வொர்க்கரின் அடுத்த கோரிக்கைக்கும் போய்ச் சேரும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மட்டுமான மைஎஸ்கியூஎல்ஐ பொறுப்பானது, மறுபடி எடுத்துக் கொடுக்கும்முன் துடைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்து மூடினால் என்ன? மைஎஸ்கியூஎல் அருகிலேயே இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அங்கே இணைப்புக்கு ஒரு த்ரெட்தான், செலவு குறைவு. போஸ்ட்கிரெஸ் வேறு சர்வரில் இருந்தால் ப்ராசஸ் பிறக்கும் நேரம், டிஎல்எஸ் குறியாக்கத் தொடக்கம், ஸ்க்ராம் கடவுச்சொல் சரிபார்ப்பு எல்லாம் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் விழும்.

அதனால் வெப் சர்வர் ஒன்றுக்கு மேல் போனதும் நான் போஸ்ட்கிரெஸுக்கான உண்மையான பூலான பிஜிபவுன்சரைத்தான் நடுவில் வைப்பேன். டிரான்சாக்‌ஷன் முறையில், டிரான்சாக்‌ஷன் முடிந்த கணமே இணைப்பு அடுத்தவருக்குப் போய்விடும். பின்னால் 20 இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் நூற்றுக்கணக்கானோரைச் சமாளிக்கலாம். காத்திருக்கும் இணைப்புக்குச் சில கிலோபைட் நினைவகம் போதும். ஒரே த்ரெட்டில் ஓடுவதால் ஒரு சிபியு கோருக்கு மேல் அது பயன்படுத்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. அறிவிப்புகளுக்குக் காத்திருக்கும் லிசன் கட்டளையும், இணைப்பு முடியும்வரை நிற்கும் செஷன் அளவிலான அட்வைசரி பூட்டுகளும் இந்த முறையில் கைவிட்டுவிடும். அமைப்பை மாற்றும் செட் கட்டளைக்குப் பதில், அந்த டிரான்சாக்‌ஷனோடு முடிந்துவிடும் செட் லோக்கல் எழுதப் பழக வேண்டும். முன்பே தயார்செய்து வைக்கும் வினவல்களான ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டுகளின் தலைவலி பிஜிபவுன்சரின் 2023இல் வந்த 1.21 பதிப்போடு பெருமளவு தீர்ந்தது. இன்னும் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு திட்டுபவர்கள் முதலில் அதை மாற்றட்டும்.

பூட்டு பிடித்து ஓடும் மைக்ரேஷன் (அட்டவணை அமைப்பை மாற்றும்) வேலைகளை மட்டும் பிஜிபவுன்சரின் 6432 போர்ட் வழியாக அனுப்பாதீர்கள். அவை 5432இல் நேராகப் போஸ்ட்கிரெஸிடமே போகட்டும்.