பிராமிதியஸ் + கிரஃபானா: காசு கேட்காது, வேலை வாங்கும்

கண்காணிப்புச் சேவைகளின் மாத பில்லைப் பார்த்துத் தலை சுற்றியவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் பிராமிதியஸும், அது சேகரிப்பதை வரைபடமாகக் காட்டும் கிரஃபானாவும்தான். சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் 2012இல் தொடங்கிய பிராமிதியஸ், சர்வர்களிடம் தானே போய் மெட்ரிக்ஸை (ரேம் பயன்பாடு, ரிக்வெஸ்ட் எண்ணிக்கை மாதிரியான அளவீடுகளை) கேட்டு வாங்கும். பதில் வராவிட்டால் 'அப்' என்ற மெட்ரிக் 0 ஆகிவிடும், சர்வர் படுத்துவிட்டதா என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பவே பிடிக்கும்.

அளவீடுகளோடு ஒட்டும் அடையாளச் சீட்டான லேபிள் விவகாரம்தான் தலைவலி. யாராவது ஆர்வக்கோளாறில் யூசர் ஐடியை லேபிளாகப் போட்டால் ஒவ்வொரு யூசருக்கும் ஒரு டைம் சீரிஸ் (நேர வரிசையில் சேரும் அளவீடுகளின் தொடர்) முளைத்து, ரேம் எகிறி, கண்காணிக்க வந்ததையே நாம் கண்காணிக்க வேண்டியதாகிவிடும்.

அப்புறம் ஹிஸ்டோகிராம், அதாவது ரிக்வெஸ்டுகள் எடுத்த நேரத்தைப் பக்கெட் என்ற இடைவெளிகளாகப் பிரித்து எண்ணுவது. பக்கெட்டுகளை 1 விநாடி, 5 விநாடி என்று அகலமாக வைத்துவிட்டால், எல்லா ரிக்வெஸ்டும் 1.2 விநாடியில் முடிந்தாலும் கிரஃபானாவில் பி99 (100இல் 99 ரிக்வெஸ்டுகள் இந்த நேரத்துக்குள் முடிந்தன என்ற கணக்கு) என்று 4.96 விநாடி காட்டும், ஏனென்றால் பக்கெட்டுக்குள் எல்லாம் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டு பிராமிதியஸ் கணக்குப் போடுகிறது. இது தெரியாமல் நடுராத்திரியில் டெவலப்பரை எழுப்பாதீர்கள், பாவம்.

பிராமிதியஸில் டேட்டா இயல்பாக 15 நாள்தான் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாள்களைக் கூட்டிக்கொள்ளலாம், பெரிய அளவில் என்றால் நீண்ட காலச் சேமிப்புக்கான தானோஸ் மாதிரி எதையாவது சேர்க்க வேண்டும். லாகுகளுக்கு (புரோகிராம்கள் எழுதிவைக்கும் பதிவுகளுக்கு) லோக்கி என்ற கருவி: லேபிள்களை மட்டும் இண்டெக்ஸ் செய்வதால் செலவு குறைவு, ஆனால் ஒரு மாத லாகில் ஒரு வார்த்தையைத் தேடச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரலாம்.