10எக்ஸ் கை லென்ஸ்: தரையில படுத்து பூ பாக்குறவங்களுக்கு

குளிர்கால மழை ஒழுங்கா பெஞ்ச வருஷம் மார்ச்ல கலிஃபோர்னியாவுல ஜோஷுவா ட்ரீ நேஷனல் பார்க் பக்கம் போனீங்கன்னா மோஹாவி பாலைவன மணல்ல காலடியிலயே வெள்ளை இதழ் மஞ்சள் நடுவோட குட்டிப் பூ தரையோட ஒட்டிக்கிட்டு கிடக்கும், எல்லாம் ஒரே பூன்னுதான் தோணும். ஆனா அதுல ஒண்ணு டெசர்ட் ஸ்டார், இன்னொண்ணு வெள்ளை வுல்லி டெய்சி, ரெண்டும் ஒரே சீசன்ல முளைச்சு பூத்து செத்துப்போற செடிங்க. பத்து மடங்கு பெருசாக் காட்டுற இந்த 10எக்ஸ் லென்ஸ் வாங்குனதே இதுங்களைப் பிரிச்சுப் பாக்கத்தான்.

செடி பேர் சொல்ற போன் ஆப்ல போட்டோவைப் போட்டா ஒரு தடவை அதுங்கும், மறுபடி போட்டா இதுங்கும். மேலருந்து எடுத்த போட்டோல இலை மேல இருக்குற குட்டி முடி எங்க தெரியப்போகுது? லென்ஸ்ல பாத்தா சண்டையே இல்ல. ஸ்டார்ல இலை மேல முடி விறைப்பா தனித்தனியா நிக்கும், டெய்சில பஞ்சு அப்புன மாதிரி பின்னிக் கிடக்கும். வெள்ளை இதழும் டெய்சிக்கு 5லருந்து 10தான், ஸ்டாருக்கு அதைவிட ஜாஸ்தி.

அப்புறம் ஸ்டார்லயே ரெண்டு இனம் இருக்கு, மோனாப்டிலான் பெல்லியாய்டிஸ், பெல்லிடிஃபார்மின்னு. ரெண்டாவதுக்கு ஒவ்வொரு விதை தலையிலயும் நுனியில இறகு வச்ச ஒத்த முடிதான், முதலாவதுக்கு நிறைய முடி. இது பூ காய்ஞ்சு விதையாகுறப்பதான் நல்லா தெரியும். நேஷனல் பார்க்ல பறிச்சுப் பாக்கவும் கூடாது, அதனால வெக்கப்படாம குப்புற படுத்துருங்க.

10எக்ஸ்க்கு பூவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல 2.5 சென்டிமீட்டர்தான் இருக்கணும், லென்ஸை கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு தலையை இறக்கணும். அப்போ உச்சி வெயில்லயும் நம்ம தலை நிழலே பூ மேல விழுது பாருங்க, அதான் எல்இடி வச்ச மாடலா வாங்கச் சொல்றேன், கொஞ்சம் காசு ஜாஸ்திதான். 30எக்ஸ்னு சீப்பா விக்கிறதெல்லாம் வேண்டாம்பா, பாக்குற வட்டம் ரொம்ப சின்னது, காத்துல பூ லேசா ஆடுனாலே ஓடிப்போயிடும். போன் கேமரா முன்னாடி இதையே வச்சு முடியை போட்டோ எடுத்துக்கலாம், வீட்டுக்கு வந்து கலிஃபோர்னியா செடிகளை அடையாளம் பாக்குற ஜெப்சன் ஈஃப்ளோரா வெப்சைட்ல சரிபாக்க அது போதும், ஃப்ரீதான்.

லென்ஸோட மாட்டிக்க கயிறு தரல, நீங்களே கட்டிக்கோங்க. மணல் ஒட்டுனா சட்டையில தேய்க்காம ஊதி விடுங்க, தேய்ச்சா கண்ணாடி கீறிடும்.